போப்பையர் படித்த படிப்பு

 

வாழ்நாள் கல்வியும் கிறிஸ்தவ விசுவாசமும் ஓர் எழுத்தாளருக்கு எப்படி ஊக்கம் தருகின்றன என்பது எனக்குத் தந்திருக்கும் தலைப்பு. அகலமான தலைப்பு. பொதுவாகப் பேச ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் பேசலாம். வீடு திரும்பும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே ஒரே ஒரு மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நெல்லைச் சீமை அவரைப் போப்பையர் என்று அழைத்தது. ஜார்ஜ் உக்ளோ போப். நம் பாடப்புத்தகங்களின் ஜி.யு. போப்.

அவரிடம் போகும் முன் வேதத்திலிருந்து ஒரு சிறிய இடத்தை நினைவூட்ட விரும்புகிறேன். பவுல் அப்போஸ்தலர் சிறையில் இருக்கிறார். முடிவு நெருங்கிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். தீமோத்தேயுவுக்கு எழுதும் அந்தக் கடிதத்திலேயே அதைச் சொல்லியும் விடுகிறார். சொல்லிவிட்டு என்ன கேட்கிறார்? துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவா என்கிறார். சரி, குளிர்காலம் வருகிறது, மேலங்கி வேண்டும்தான். அதோடு நிறுத்தினாரா? புத்தகங்களையும் கொண்டுவா, தோற்சுருள்களை மறந்துவிடாதே என்கிறார். சாகப்போகிற மனிதருக்குப் புத்தகம் எதற்கு? எந்தப் பரீட்சைக்கு? எந்த உத்தியோகத்துக்கு? நம் பிரசங்கங்களில் இந்த இடம் அதிகம் வருவதில்லை. வீட்டுக் கடிதத்தில் சாமான் பட்டியல் போட்ட மாதிரி இருப்பதால் தாண்டிப் போய்விடுகிறோம் என்று நினைக்கிறேன்.

இப்போது போப்பையரிடம் வருவோம். 1900-ஆம் ஆண்டு, ஏப்ரல் 24. அன்று அவருக்கு 80 வயது நிறைகிறது. ஆக்ஸ்போர்டில் இருக்கிறார். பிறந்தநாள் விருந்துக்கு உட்காரவில்லை. ஒரு முன்னுரைக்குத் தேதி போடுகிறார். எந்த நூலின் முன்னுரை? மாணிக்கவாசகரின் திருவாசகம். மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, குறிப்புகள், அகராதி எல்லாம் சேர்ந்த பெரும்பதிப்பு. தமிழில் தாம் படித்த முதல் பாடம் 1837-இல் என்று அந்த முன்னுரையில் கணக்குச் சொல்கிறார். 1837 எங்கே, 1900 எங்கே! 63 ஆண்டுகள் ஒரு மொழியைப் படித்திருக்கிறார் ஒரு மனிதர். பட்டத்துக்காக யாராவது 63 ஆண்டுகள் படிப்பார்களா? சம்பளத்துக்காகப் படிப்பார்களா?

எதற்காகப் படித்தார் என்பதுதான் இன்று மாலை என் பேச்சு.

அவர் பிறந்தது கனடாவில், பிரின்ஸ் எட்வர்ட் தீவில், 1820-இல். சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டது. 19 வயதில், 1839-இல், மிஷனரியாகச் சென்னைக்கு வந்து இறங்கினார். அந்த வயது வாலிபன் தமிழ் படிக்கிறான் என்றால் காரணம் வெளிப்படை. சுவிசேஷம் சொல்ல வேண்டும்; சொல்வதற்கு மொழி வேண்டும். ஏற வேண்டிய மாடிக்கு ஏணி மாதிரி. மாடி ஏறியாயிற்று என்றால் ஏணியைச் சுவரில் சாத்திவிடலாம். அன்று வந்தவர்களில் பலர் அப்படித்தான் செய்தார்கள். ஞாயிறு பிரசங்கம் செய்யவும், வேலையாட்களை ஏவவும் போதுமான தமிழ் வந்ததும் புத்தகத்தை மூடினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. வந்த வேலையைப் பார்த்தார்கள்.

போப் மூடினாரா? இல்லை. இராமாநுசக் கவிராயர் போன்ற பெரும்புலவர்களிடம் பாடம் கேட்டார். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம் போனார். அங்கே செமினரி நடத்தினார். இன்றும் அந்த ஊரில் போப் கல்லூரி என்று அவர் பெயரைத் தாங்கி ஒரு கல்லூரி நிற்கிறது. பிறகு தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர். போன இடமெல்லாம் பள்ளிக்கூடம். போன இடமெல்லாம் பாடப்புத்தகம். தமிழ் இலக்கணத்தைக் கேள்வி-பதிலாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு எழுதினார். செய்யுள்களைத் திரட்டித் தொகுத்தார். ஊட்டியில் இருந்தபோது சும்மா இருந்தாரா? மலையில் வாழும் தோடர்களின் மொழி காதில் விழுந்தது. விடவில்லை. எழுத்தே இல்லாத அந்த மொழிக்கு ஓர் இலக்கணச் சுருக்கம் எழுதினார். தோடர்களைப் பற்றி மார்ஷல் என்பவர் 1873-இல் வெளியிட்ட நூலில் அது இணைப்பாக அச்சாகியிருக்கிறது.

அவரை மகான் ஆக்கிவிட்டுப் போக நான் வரவில்லை. போப்பையர் முன்கோபி. பிரம்பில் நம்பிக்கையுள்ளவர். அவருடைய கண்டிப்பு தாங்காமல் மாணவர்கள் முறைத்துக்கொண்ட கதைகள் உண்டு. அந்தக் கடுமை அவர் பணிக்கே தடையாக இருந்தது என்று சக மிஷனரி கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். சண்டைக்காரரும்கூட. தஞ்சாவூரில் இருந்தபோது, 1853-இல், தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளைத் தாக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். சபைக்குள் சாதி இருக்கலாமா என்பது அந்தத் தகராறின் வேர். இருக்கக் கூடாது என்பது போப் கட்சி. அந்த விஷயத்தில் நான் போப் பக்கம்தான். ஆனால் நடையைப் பார்க்க வேண்டுமே! பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. 33 வயது. அதே கிறிஸ்துவை வணங்கும் இன்னொரு சபைக்காரரைச் சகிக்க முடியாத மனிதர்.

அந்த மனிதரா 80 வயதில் ஒரு சைவ அடியாரின் பாடல்களை வரி வரியாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்? இடையில் என்ன நடந்தது?

படிப்பு நடந்தது. வேறொன்றும் இல்லை.

திருக்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியர் பலர் குறளைத் தொட்டார்கள். வீரமாமுனிவர் லத்தீனில் பெயர்த்தார். அறத்துப்பாலும் பொருட்பாலும் மட்டும். காமத்துப்பாலைத் தொடவில்லை. துறவி, பாதிரியார், கூச்சம் இருக்காதா? போப்பும் அதே கூச்சத்தில்தான் இருந்தார். முன்கூட்டியே ஏற்பட்ட ஒரு தப்பெண்ணத்தால் பல ஆண்டுகள் மூன்றாம் பாலைப் படிக்காமலே இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். பிறகு படித்தார். படித்தபின் மனம் மாறினார். இதில் மாசு ஒன்றும் இல்லை என்று கண்டு, முப்பாலையும் முழுதாக மொழிபெயர்த்தார். 1886-இல் நூல் வந்தது. அப்போது வயது 66.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பாதிரியார், தான் ஒதுக்கிவைத்த பக்கத்தைத் திறந்து படிக்கிறார். விசுவாசம் போய்விட்டதா? போகவில்லை. அங்கியைக் கழற்றிவிட்டாரா? கழற்றவில்லை. குறளைப் பெயர்த்து இரண்டு ஆண்டில் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரிச் சிற்றாலயத்தின் குருவாகவும் அமர்கிறார். நம் சபைகளில் ஒரு பேச்சு உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள்: படிப்பு ஏற ஏற பக்தி இறங்கும் என்று. மேற்படிப்புக்குப் போகிற பிள்ளையைப் பார்த்து, ‘தம்பி, கடவுளை மறந்துராதே’ என்று சொல்லி அனுப்புகிறோம். பரிவோடு சொல்கிறோம், உண்மைதான். ஆனால் அந்தப் பரிவுக்குள் ஒரு பயம் இருக்கிறது. இன்னொருவர் புத்தகத்தைத் திறந்தால் நம் புத்தகம் மூடிக்கொள்ளும் என்ற பயம். போப்புக்கு அந்தப் பயம் வயது ஏற ஏறக் குறைந்தது.

அவருடைய குறள் மொழிபெயர்ப்பைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், ஆகா ஓகோ என்று சொல்ல மாட்டேன். ஆங்கிலத்தில் எதுகை வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அதனால் வள்ளுவர் இறுக்கிக் கட்டியதை இவர் பல இடங்களில் அவிழ்த்து நீட்டியிருக்கிறார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களைச் சந்தித்திருக்கலாம், மலைப்பிரசங்கத்தின் சாயல் குறளில் உண்டு என்றெல்லாம் முன்னுரையில் எழுதினார். ஆதாரம்? கிடையாது. வள்ளுவர் மேல் வைத்த அன்பு அது. நமக்குப் பிடித்தவர் நம் வீட்டுக்காரராக இருந்துவிட்டால் நன்றாயிருக்குமே என்ற ஆசை. அன்பு சரிதான், ஆராய்ச்சி சரியில்லை. ஆனால் கவனியுங்கள். திருவாசகத்துக்கு வரும்போது அவர் இந்த வேலையைச் செய்யவில்லை. மாணிக்கவாசகரைப் பவுலோடும் அசிசி பிரான்சிஸோடும் ஒப்பிட்டார். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கப் பார்க்கவில்லை. சைவராகவே இருக்க விட்டார். சைவராகவே புரிந்துகொள்ளப் பார்த்தார். 1886-க்கும் 1900-க்கும் நடுவில், சமண முனிவர்களின் நாலடியாரையும் 1893-இல் முடித்துவிட்டு, அந்த மனிதர் வளர்ந்திருக்கிறார். 66 வயதுக்கு மேல் வளர்ந்திருக்கிறார்! அந்த வயதில் நம்மில் எத்தனை பேர் வளர்கிறோம்?

திருவாசகம் எப்படித் தொடங்கியது தெரியுமா? பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட், பிளேட்டோவை ஆங்கிலத்தில் தந்த கிரேக்கப் பேரறிஞர். ஒரு நாள் மாலை ஜெபம் முடிந்து இருவரும் கல்லூரி முற்றத்தில் நடக்கிறார்கள். பேச்சு தமிழ்க் கதைகள், தமிழ்ப் பாட்டு, தமிழர் தத்துவம் என்று போகிறது. ஜோவெட் சட்டென்று, இதை நீர் அச்சிட வேண்டும் என்கிறார். போப் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். சாகாவரம் ஒன்றும் வாங்கி வைத்திருக்கவில்லையே, இது நெடுநாள் பிடிக்கிற வேலையாயிற்றே என்று பதில் சொல்கிறார். ஜோவெட் அவர் தோளில் கை வைத்து, பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதுதான் நெடுநாள் வாழ வழி, முடிக்கும்வரை நீர் இருப்பீர் என்கிறார். போப் இதை அந்த முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். ஜோவெட் 1893-இல் காலமாகிவிட்டார். அவர் சொன்னபடி வேலையை முடித்துக்கொடுத்தபோது, சொன்னவர் இல்லை.

அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது இடம்தான். ஜெபம் முடிந்து வெளியே வருகிறார்கள். வந்த கால்களோடே திருவாசகம் பேசுகிறார்கள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றுக்குப் போனதாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். நாம்தான் சிற்றாலயத்துக்கும் நூலகத்துக்கும் நடுவே சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம்.

போப்பைப் பற்றி மேடைகளில் ஒரு கதை சொல்வார்கள். கடிதங்களின் தலைப்பில் திருவாசகப் பாடல் எழுதுவார், எழுதும்போது ஒரு சொட்டுக் கண்ணீர் தாளில் விழும் என்று. உருக்கமான கதை, கைதட்டலும் கிடைக்கும். நான் அதைச் சொல்லி உங்களை உருக்கப் போவதில்லை. கண்ணீருக்குப் பதிலாக அவருடைய திருவாசகப் பதிப்பின் கடைசிப் பகுதியைச் சொல்கிறேன். மாணவர்களே, நூலகத்தில் அந்தப் பதிப்பு கிடைத்தால் பின்பக்கத்திலிருந்து திறந்து பாருங்கள். சொல்லகராதி. திருவாசகத்தில் வரும் சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பொருள் சொல்லி, எந்தப் பாட்டில் வருகிறது என்று இடமும் காட்டியிருக்கிறார். 51 பதிகங்கள். கணிப்பொறி இல்லை. தேடு என்றால் தேடித் தரும் பெட்டி இல்லை. ஒவ்வொரு சொல்லாகக் கையால் பொறுக்கி எடுத்த வேலை. கண்ணீர் விழ ஒரு நிமிடம் போதும். அகராதிக்கு?

அதோடு விட்டாரா? பாட்டைப் புரிந்துகொள்ளப் பாட்டு மட்டும் போதாது, பாடியவர் நின்ற சமயத்தைப் படிக்க வேண்டும் என்று சைவ சித்தாந்தத்துக்குள் போனார். உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனை மொழிபெயர்த்து அதே நூலில் சேர்த்தார். எழுபதைத் தாண்டிய ஆங்கிலிக்கன் குரு, பதி பசு பாசம் படிக்கிறார். திருவெம்பாவைக்கு வருகிறார். மார்கழி விடியலில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போகும் பாட்டு. ஆங்கிலேயருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? அவர்களில் யார் டிசம்பரில் குளத்துக்குப் போவார்கள்? ஆனால் நமக்குப் புரியும். நம் சபைகளிலும் அதே மார்கழிப் பனியில், விடியுமுன் தெருத்தெருவாகப் பஜனை போகிறவர்கள்தானே நாம்? போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறவனை எழுப்பிக் கூட்டிப்போன அனுபவம் இங்கே பல பேருக்கு இருக்கும். சாயர்புரத்தில் இருந்த மனிதருக்கு மார்கழி விடியல் நன்றாகத் தெரிந்திருக்கும்.

சாயர்புரம் என்றதும் இன்னொருவரைச் சொல்லாமல் போக முடியாது. போப் 1849-இல் அங்கிருந்து போனார். சில ஆண்டுகளில் அதே சாயர்புரத்துக்குத் தமிழாசிரியராக வந்தார் ஒரு வைணவ இளைஞர். கரையிருப்புக் கிருஷ்ணபிள்ளை. கம்பனில் ஊறி வளர்ந்தவர். 1858-இல் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். புது விசுவாசம் வந்ததும் பழைய படிப்பை என்ன செய்தார்? பொட்டலம் கட்டிப் பரணில் போட்டாரா? ஜான் பன்யன் எழுதிய மோட்சப் பிரயாணத்தை எடுத்தார். கம்பன் கற்றுக்கொடுத்த விருத்தத்தில் ஐந்து பருவமாக இரட்சணிய யாத்திரிகம் பாடினார். நடுநடுவே தேவார நடையிலும் பாடல்கள் வைத்தார். காப்பியம் நூலாக வந்தது 1894-இல், வயது 67. போப் விசுவாசத்தோடு வந்து தமிழைப் படித்தார். பிள்ளை தமிழோடு வந்து விசுவாசத்தைப் படித்தார். ஒருவர் ஆக்ஸ்போர்டில், ஒருவர் நெல்லையில். இருவரும் கிழவர்கள். இருவர் கையிலும் ஒரே பத்தாண்டில் பெரிய நூல்.

இன்று கிறிஸ்தவ எழுத்து என்ற பெயரில் நம் கைக்கு வருவதையும் பார்க்கிறோம். சாட்சிகள், தியானங்கள், ஆண்டு மலர்க் கட்டுரைகள். எழுதுகிறவர்களின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பத்துப் பேர் எழுதியதைப் பெயர் எடுத்துவிட்டுக் கலந்துபோட்டால் எது யாருடையது என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை. ஏன்? எல்லோரும் ஒரே நாலு புத்தகத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறோம். கிருஷ்ணபிள்ளைக்குக் கம்பன் இருந்தான். வேதநாயகம் பிள்ளைக்குக் கோர்ட்டும் கச்சேரியும் இருந்தன. முன்சீப்பாக உட்கார்ந்து கண்ட மனிதர்களெல்லாம் பிரதாப முதலியார் சரித்திரத்தில் நடமாடினார்கள். போப்புக்குக் குறளும் நாலடியும் திருவாசகமும் இருந்தன. நமக்கு என்ன இருக்கிறது?

மேடைக்கதை ஒன்றை ஒதுக்கினேன், இன்னொன்றையும் ஒதுக்கிவிடுகிறேன். போப்பின் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதியிருப்பதாக எல்லா விழாக்களிலும் சொல்கிறோம். ஆக்ஸ்போர்டில் புனித செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கல் இருக்கிறது. அதில் அந்த வாசகம் இல்லை. அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலிருந்த அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து அன்போடு வைத்த கல் என்பதுதான் அதில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். 1908-இல் இறந்த ஓர் ஆங்கிலேய மிஷனரிக்கு, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த தமிழர்கள் பணம் அனுப்பிக் கல் நட்டிருக்கிறார்கள். கட்டுக்கதையைவிட இது சின்னச் செய்தியா?

திருவாசக முன்னுரையில், தம் எழுத்து வேலை இத்தோடு நிறைவுபெறுகிறது என்ற மனநிலையில்தான் எழுதினார். 80 வயது, சொல்வதற்கு எல்லா நியாயமும் உண்டு. ஆனால் உ.வே. சாமிநாதையர் இங்கே ஏடு தேடி ஒவ்வொன்றாக அச்சேற்றிக்கொண்டிருந்தார். 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. போப் முதன்முதல் தமிழ் படித்த காலத்தில் அச்சில் பார்க்கக் கிடைக்காத நூல்கள். அவை ஆக்ஸ்போர்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழவர் என்ன செய்வார்? புறநானூற்றுப் பாடல்களை அந்த முன்னுரைக்கு முன்பே மொழிபெயர்க்க ஆரம்பித்திருந்தார். புறப்பொருள் வெண்பாமாலையையும் பிடித்துக்கொண்டிருந்தார். அதையும் தாண்டி மணிமேகலைக்குப் போனார். சைவம் ஆயிற்று, சமணம் ஆயிற்று, இப்போது பௌத்தம். ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி 1906-இல் தங்கப் பதக்கம் கொடுத்தது. வயது 86. அவருடைய மணிமேகலை உரைநடை மொழிபெயர்ப்பு அவர் காலமான பிறகுதான் நூலாக வெளிவந்தது.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருப்பதாகச் சொன்னார்கள். பின்வரிசை மாணவர்கள் முதலில் கேட்கலாம்.